முடிகிற ஒருவரை அனுப்பும்

வாலாஜாபாத் போகிற ரோட்டில் நான் மேற்கே நடந்துகொண்டிருந்தேன். மாலை நாலரை மணி இருக்கும். முதல் ஷிஃப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கடந்து போயின. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஆதார் அட்டை. எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒரகடம் கூட்டுரோட்டுக்கு உள்ளே, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் என் மனைவி கனியைத் தனியே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவளுக்கு மார்பில் புற்றுநோய். அது உடைந்து புண்ணாகியிருந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பார்த்த பத்தாவது நிமிடம் பையை எடுத்துக்கொண்டேன்.

சபைகளில் உள்ள உங்களில் சிலர், கர்த்தர் எனக்குச் செய்ததாக நான் சொன்ன சாட்சியை முன்பே கேட்டிருப்பீர்கள். மறைமலை நகரிலும் வாலாஜாபாத்திலும் மைக் பிடித்துச் சொன்னேன். நிறையப் பேர் கைதட்டினீர்கள். அந்தச் சாட்சி உண்மை இல்லை. உண்மையாக நடந்ததை இப்போது எழுதுகிறேன். எழுதச் சொன்னவள் கனி.

என் பெயர் சாலமோன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன்பிறகு இங்கே வரும்வரை எந்த வேலையிலும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சியில் கட்டட வேலை, ஓசூரில் லோடு ஏற்றுவது, பிறகு இங்கே. யாரோடும் சண்டை கிடையாது. ஒரு நாள் காலையில் எழுந்தால் இந்த இடம் போதும் என்று தோன்றும். கிளம்பிவிடுவேன். கனியைக் கட்டிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். பாத்திரங்களைப் பழைய சேலையில் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வருவாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் மூட்டை எப்போதும் சிறியதுதான்.

இங்கே நான் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் ஆள். அவள் வேறொரு கம்பெனியின் கேன்டீனில் காய் வெட்டினாள். போன வருடத்துக்கு முந்தின வருடம், ஜூலை மாதம், இடது மார்பில் கட்டி இருப்பதாக முதலில் கேன்டீன் பெண்களிடம்தான் சொல்லியிருக்கிறாள். அவர்கள் அன்றைக்கே லீவு போடவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பார்த்தார்கள். முதலில் ஊசி மருந்து போட்டுக் கட்டியைச் சுருக்க வேண்டும், மொத்தம் ஆறு தடவை, அதன்பிறகு ஆபரேஷன் என்றார்கள். முடி கொட்டியது. வாயெல்லாம் புண். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்வந்தோம். வரும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொள்வாள்.

சபையில் எல்லோரும் எங்களுக்காக ஜெபித்தார்கள். தகரக் கொட்டகை சபை. ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் யூனிஃபார்மோடு வந்து உட்காருகிற இடம். நான் உபவாசம் இருந்தேன். நாலாவது ஊசி முடிந்ததும் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா சுருங்கியிருக்கு. கைக்கே தட்டுப்படல. இன்னும் ரெண்டு ஊசி போட்டுட்டு ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்.

எனக்கு முதல் பாதிதான் காதில் ஏறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் எழுந்து நின்றேன். கட்டி இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார், கர்த்தர் என் மனைவியைச் சுகமாக்கினார் என்றேன். கொட்டகை அதிர்ந்தது. என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லை, கல்யாணத்திலும் இல்லை. கனி என் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் உயர்த்தினாள்.

திரும்பி வரும் வழியில் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு ஊசி கெடக்குல்லா?"

"சபை முன்னால சொல்லியாச்சு. இப்பம் போய் ஊசி போட்டா என்ன அர்த்தம்? நம்பலன்னுதான அர்த்தம்?"

அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

இதை எந்தப் போதகரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஊசியை நிறுத்து என்று சபையில் ஒருவரும் சொல்லவில்லை. நானாக எடுத்த முடிவு. சாட்சி சொன்ன பிறகு மருந்துக்குப் போனால் சாட்சி விழுந்துவிடும் என்று நினைத்தேன். நம்மில் வேறு சிலரும் இப்படி நினைப்பதுண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கத்துச் சபைகளில் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஊர் ஊராகப் போகப் பிடிக்கும். பஸ் ஏறினால் மனது லேசாகிவிடும். ஒவ்வொரு இடத்திலும் சாட்சி கொஞ்சம் வளர்ந்தது. கனியும் வந்தாள். முதல் இரண்டு கூட்டங்களில் இரண்டு கையையும் உயர்த்தினாள். பிறகு வலதுகையை மட்டும் உயர்த்தினாள். இடதுகை வீங்கத் தொடங்கியிருந்தது. வளையலைக் கழற்றி வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஜனவரி மாதம் அவள் கேன்டீன் வேலையை விட்டாள். உடம்பு அசதி என்றாள். வீட்டில் பவுடர் வாசனை அதிகமானது. ஒரு நாளைக்கு இரண்டு முறை ஃபினாயில் போட்டுத் தரையைத் துடைத்தாள். "வூடா ஆஸ்பத்திரியா" என்று நான் இங்கத்திப் பேச்சில் கிண்டல் செய்தேன். சிரித்தாள். ஒரே அறைதான். அவள் கதவோரம் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள், காற்று வருகிறது என்று. நான் கேட்டு வாங்கி ஓ.டி. பார்த்தேன், ஷிஃப்ட் முடிந்த பிறகும் கூடுதல் நேரம். வீட்டில் இருக்கிற நேரம் குறைந்தால் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் லைனில் மூன்றாவது வீடு தேவகி அக்காவுடையது. கம்பெனி கேட்டுக்கு எதிரில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவர். நம்முடைய மார்க்கம் இல்லை. ஒரு நாள் குழாயடியில் என்னை நிறுத்தினார்.

"ஏம்பா சாலமோனு, உன் பொஞ்சாதிக்கு இன்னா பண்ணுது?"

"ஒண்ணுமில்லக்கா. அவளுக்குச் சொகமாயிட்டு."

"சொகமாயிட்டா, இன்னாத்துக்கு ஆளில்லாத நேரமா பாத்து துணி தொவைக்குது? தொவைக்கிற கல்லுல ரத்தம் ஓடுதுபா. நான் கண்ணால பாத்தேன்."

"கர்த்தர் பாத்துக்கிடுவாருக்கா."

"பாக்கட்டும். அவரு பாக்கறாரு. நீ பாத்தியா?"

நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த வார்த்தை இரண்டு நாள் என்னைக் குடைந்தது. மூன்றாவது நாள் ஓ.டி. இல்லாததால் மூன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் தாழ்ப்பாள் போட மறந்திருந்தாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை இல்லை. என்னுடைய பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருந்தாள். ஒரு கிண்ணத்தில் மஞ்சள்தூள். புண்ணை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. நாற்றம் மட்டும் சொல்கிறேன். அத்தனை மாதம் பவுடருக்கும் ஃபினாயிலுக்கும் கீழே இருந்தது அதுதான்.

"கதவச் சாத்துங்க. நாத்தம் வெளிய போவும்."

"எப்பயிருந்து?"

"நீங்க வாலாஜாபாத்துல சாட்சி சொன்னியள்லா, அதுக்கு முந்தின வாரம் கட்டி திரும்ப வந்துட்டு."

"அங்க மேடைல என்கூட நின்னியே. ஏன் சொல்லல?"

வேட்டித் துணியைப் புண்மேல் வைத்து அழுத்திக்கொண்டே சொன்னாள். "நீங்க சொன்னது பொய்யாயிரக்கூடாதுல்லா."

வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பையைத் தேடினேன். அவள் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல ஊர்களில் நான் பை கட்டுவதைப் பார்த்தவள். முதல்முறையாக அவள் மூட்டை கட்டவில்லை.

"எங்க போறிய?"

"சும்மா."

"சோறு பானைல இருக்கு. சாப்ட்டுட்டுப் போங்க."

நான் சாப்பிடாமல் வெளியே வந்தேன்.

அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் முழுக்கக் கம்பெனி மதில். மறுபக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். வடக்கத்தி டிரைவர்கள் லாரி நிழலில் ஸ்டவ் வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். மதில் முடிந்து ஏரிக்கரை வந்தபோது நடந்துகொண்டே ஜெபித்தேன். முதலில் வாயில் வந்த ஜெபம் இது: ஆண்டவரே, அவளை எடுத்துக்கொள்ளும். சொன்னதும் எனக்கே பயமாகிவிட்டது. அவளுடைய வலிக்காக அதைக் கேட்கவில்லை. எனக்கு விடுதலை வேண்டும் என்று கேட்டேன். அங்கேயே நின்றேன். மைக் இல்லாமல், கேட்பவர்கள் இல்லாமல், ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, அவளுக்கு வலி நிற்க வேண்டும். என்னால் அது முடியாது. முடிகிற ஒருவரை அனுப்பும்."

அவ்வளவுதான். சுகம் தாரும் என்று கேட்க வாய் வரவில்லை.

போன் அடித்தது. தேவகி அக்கா. நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. நாலாவது முறை எடுத்தேன்.

"எங்கபா கீற?"

"ரோட்டுலக்கா."

"எந்த ரோட்டுல? வூட்டுக்கு நர்ஸம்மா வந்துகீறாங்க. டாக்டரும் வந்துகீறாங்க. ஊரெல்லாம் போயி மைக்ல பேசத் தெரிஞ்ச ஆளுக்கு வூட்டுக்கு வர வழி தெரியலியா?"

"யார் நர்ஸு? யார் கூப்பிட்டா?"

"நான்தான் கூப்ட்டேன். உன்கிட்ட பேசினேன் பாரு, அன்னிக்கே போன் போட்டேன். என் நாத்தனாருக்கு வாயில வந்துச்சே, அப்ப வூடு தேடி வந்து பாத்தவங்க. இன்னிக்கித்தான் இந்தப் பக்கம் வர்றாங்க. நீ வா. உம் பொண்டாட்டி உன்னைத் தேடுது."

இரண்டு நாளைக்கு முன்னால் கூப்பிட்டிருக்கிறார். நான் ஏரிக்கரையில் வாய் திறந்தபோது வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் இதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஜெபத்துக்குப் பதில் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வந்த வழியே திரும்பினேன். பாதித் தூரம் ஒரு ஷேர் ஆட்டோ ஏற்றிக்கொண்டது.

வீட்டு வாசலில் லைன் பெண்கள் நின்றிருந்தார்கள். உள்ளே நர்ஸ் வசந்தி முட்டிபோட்டு உட்கார்ந்து, உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். புற்றுநோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பார்க்கிற ஒரு சிறிய குழு அவர்களுடையது. ஒரு வேன், ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். பென்னலூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரம் முழுக்கப் போகிறார்கள். யாரிடமும் காசு வாங்குவதில்லை. இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இங்கே வந்த நாளாக அந்த வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தேன்.

நான் வாசல்படியில் நின்றுவிட்டேன். வசந்தியம்மா திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"நீதான் வூட்டுக்காரரா? உள்ள வா. வெளிய நின்னா எனக்குக் கை பத்தாது. அந்தத் துணியைப் புடி."

பிடித்தேன். அவர் மாத்திரையைப் பொடித்து, காகிதத்திலிருந்து உப்புத் தூவுவது போலப் புண்மேல் தூவினார். நாற்றம் குறைய அதுதான் மருந்து என்றார். அவ்வளவு சின்ன வேலை. நாலு மாதம் கனி மஞ்சள்தூள் வைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தார். கனி அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"இதப் போட்டா விசுவாசம் இல்லன்னு ஆயிருமாம்மா?"

வசந்தியம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "நான் சுகர் மாத்திரை போட்டுக்கினுதான் பூசைக்குப் போறேன். இத்தினி வருசத்துல ஆண்டவரு ஒரு தபா கூட கோச்சுக்கல. போடு."

கனி சிரித்தாள். போட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து, சுவரில் சாய்ந்தபடி, "ஏங்க, நின்னுட்டு" என்றாள். எது என்று எனக்குப் புரியவில்லை. "வலி நின்னுட்டு." அப்படிச் சொல்லிவிட்டு அழுதாள். வலித்த நாளெல்லாம் அழாதவள்.

மறு வாரம் ஆஸ்பத்திரிக்கு வேனிலேயே கூட்டிப் போனார்கள். நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவியிருந்தது. இனி நோயைத் தீர்க்க மருந்தில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வெளியே வந்து வசந்தியம்மாவிடம் கேட்டேன். "அந்த ரெண்டு ஊசியும் ஆபரேஷனும் முடிச்சிருந்தா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லமாட்டேன் சாலமோனு. நல்லா இருந்திருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. அது உன்கூடவேதான் இருக்கும். அதுக்காக இப்ப செய்ய வேண்டியத விட்டுறாத."

அது என்கூடவேதான் இருக்கிறது.

புண்ணுக்குக் கட்டுப் போட அவரே எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் வாரம் நான் போட்ட கட்டு அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. மூன்றாவது வாரம், "கம்பெனில பார்ட்டுக்குக் கூட இவ்ளோ பதமா கை வச்சிருக்கமாட்டிய" என்று கனி கேலி செய்தாள். வேலை போய்விட்டது. அடிக்கடி லீவு எடுத்தால் காண்ட்ராக்டர் வைத்துக்கொள்ளமாட்டார். மாதம் ஒருமுறை அந்தக் குழுவே அரிசியும் பருப்பும் இறக்கிவிட்டுப் போனது. நான் வீட்டிலேயே இருந்தேன். அதுவரை எந்த ஊரிலும் என் வீட்டுக்குள் அத்தனை நாள் நான் இருந்ததில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் கனி சொன்னாள். "சபைல போய்ச் சொல்லிருங்க. நான் போனதுக்கப்பறம் சொன்னா, அவ விசுவாசம் கொறஞ்சுதான் செத்தான்னு பேசுவாவ. நான் இருக்கும்போதே சொல்லுங்க. மத்த சபையளுக்கு எழுதிப் போடுங்க."

நான் எத்தனையோ மேடைகளில் நின்றிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டு முடிந்த பிறகுதான் எழுந்தேன். மைக்கை வாங்கி, "நான் சொன்ன சாட்சி சரியில்லை. என் மனைவிக்கு நோய் இருக்கிறது. நான்தான் மருந்தை நிறுத்தினேன். அவள் என் பேச்சைக் காப்பாற்ற வலியைப் பொறுத்துக்கொண்டாள்" என்றேன்.  மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு சகோதரி என் பின்னாலேயே வந்து, சின்னக் குரலில், "அந்த நர்ஸம்மா நம்பர் கிடைக்குமா பிரதர்? எங்க வீட்டுக்காரருக்கு" என்றார். அவர் கணவருக்கு நோய் என்று சபையில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் போதகர் வீட்டுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கனியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு என்னிடம், "தம்பி, மைக்ல சொன்னது நீ. விசாரிக்காம கைதட்டினது நாங்க. எனக்கும் இதுல பங்கு இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் ஷிஃப்ட். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் மதியம் வீட்டில் இருப்பார். மதியம் போகிறவர் காலையில் இருப்பார். தேவகி அக்காதான் அதை யோசித்தார். "எந்நேரமும் யாராச்சும் ஒருத்தி சும்மாதான கீறா? அப்பால இன்னா?" என்றார். லைன் பெண்களும் சபைச் சகோதரிகளும் கேன்டீனில் அவளோடு காய் வெட்டினவர்களும் சேர்ந்து முறை போட்டார்கள். அதற்கு முன் லைன்காரர்களும் சபைக்காரர்களும் பேசிக்கொண்டதே இல்லை. பாட்டுச் சத்தம் அதிகம் என்று லைன்காரர்கள் சொல்வார்கள். பண்டிகை வெடிச் சத்தம் அதிகம் என்று சபைக்காரர்கள் சொல்வார்கள்.

கம்பெனியில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் மெஷின் நிலவரத்தைச் சொல்லிவிட்டுத்தான் போவோம். அதேபோல ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிச் சுவரில் தொங்கவிட்டார்கள். மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டாள், என்ன சாப்பிட்டாள், வெளிக்குப் போனாளா, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தது, எல்லாம். ஒருத்தி வந்து அட்டையைப் படித்த பிறகுதான் முந்தினவள் எழுந்து போவாள். கனி அதைப் பார்த்துவிட்டு, "என்னய மெஷினா ஆக்கிட்டாவ" என்றாள்.

"மெஷினு இப்டி வாய் பேசாதுமா" என்றார் தேவகி அக்கா.

"பேசுத மெஷினுக்கு ஒரு டீ போடுங்கக்கா."

இப்படித்தான் அந்த வீடு இருந்தது. ஒரு பக்கம் அவள் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் எப்போதும் பேச்சுக் குரல் இருந்தது. குழந்தை இல்லாத, சொந்தக்காரர் பக்கத்தில் இல்லாத, நாலு ஊர் சுற்றி வந்த எங்கள் வீட்டில்.

டிசம்பரில் ஒரு மதியம், ஷிஃப்ட் மாறுகிற நேரம், அவள் போனாள். அதனால் அறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், வந்தவளும் போகவேண்டியவளும். நான் வெளியே கல்லில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார்கள். ஓடினேன். மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, ஏழு மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "வலிக்கா கனி?"

இல்லை என்று தலையை அசைத்தாள். பிறகு அசையவில்லை.

கர்த்தர் என் மனைவியைச் சுகமாக்கவில்லை. இதை எழுதுவதற்கு எனக்குப் பயமில்லை. நான் ஏரிக்கரையில் கேட்டது வலி நிற்க வேண்டும் என்று. அதற்கு முடிகிற ஒருவரை அனுப்பும் என்றேன். முப்பது பேரை அனுப்பினார். பாதிப் பேருக்கு அவருடைய பெயரே தெரியாது. அதற்காக நான் அவரைத் துதிக்கிறேன். துதிக்கும்போது அழுகிறேன். இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது.

வீட்டில் ஒருவரை மறைத்து வைத்திருக்கிறவர்களே, உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நோயைச் சொன்னால் விசுவாசம் குறைந்துவிடாது. மருந்துக்குப் போனால் ஜெபம் வீணாகிவிடாது. ஆஸ்பத்திரியில் ஆறு தடவை என்றால் ஆறு தடவையும் போங்கள். ஜெபம் செய்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஆண்டவரை நம்புங்கள். அவர் அனுப்புகிற ஆளையும் உள்ளே விடுங்கள். அந்த ஆள் இட்லி விற்கிறவராக இருக்கலாம்.

வாலாஜாபாத் போகிற வழியில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அவளை வைத்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு வசந்தியம்மா வேனில் வந்தார். மிச்சம் இருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி எழுதி வாங்கிக்கொண்டார். அது சட்டம். கனிக்குக் கொடுத்திருந்த தண்ணீர்ப் படுக்கையையும் எடுத்துப் போக வேண்டும், வாலாஜாபாத்தில் ஒரு வீட்டில் காத்திருக்கிறார்கள் என்றார். டிரைவருக்கு முதுகுவலி. நான்தான் தண்ணீரை வடித்து, மடித்து, தூக்கி வண்டியில் போட்டேன். போட்டுவிட்டு இறங்கவில்லை.

"அங்க இறக்கறதுக்கு ஆள் வேணும்ல" என்றேன்.

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "இறக்கறதுக்கு மட்டும்னா வாணாம். எனக்கு நிரந்தரமா ஒரு ஆம்பள வேணும். நான் கட்டைப் பிரிச்சா வூட்டு ஆம்பளைங்க எல்லாம் வெளிய போயிடுறாங்க. அவங்ககூட நிக்கறதுக்கு எனக்கு ஆள் இல்ல. சம்பளம் கம்பெனில பாதிதான். வர்றியா?"

"வாரேன்" என்றேன்.

அந்த வீட்டில் கூடத்தில் ஒரு அம்மா படுத்திருந்தார். படுக்கையை விரித்துத் தண்ணீர் நிரப்பினேன். வசந்தியம்மா கையுறை மாட்டியதும் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். வசந்தியம்மா என்னைப் பார்த்தார். நானும் வெளியே போனேன். வேப்பமரத்தடியில் நின்றிருந்த பைக்கின் மேல் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். சாவி கையில் இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டார்.

"முக்கால் மணி நேரம் ஆவும்ண்ணே" என்றேன். "நான் இங்கதான் இருப்பேன்."